சமையலறைச் சுவருக்குப் பின்னால்

மாடிப்படி இடது பக்கம் திரும்பும் என்று சொல்ல வேண்டியவள், ஒரு நாள் வாய் தவறி வலது பக்கம் என்று சொல்லிவிட்டேன். நிகழ்ச்சி முடிந்து நான் வெளியே வருவதற்குள் வானொலி நிலையத்தின் தொலைபேசி அலற ஆரம்பித்துவிட்டது. முதலில் பிடித்துக்கொண்டவர் ஒரு பேருந்து நடத்துநர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பணிமனை பெஞ்சில் படுத்துக்கொண்டு என் பேச்சைக் கேட்பவர்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? கண்ணை மூடிக்கிட்டு உங்க பின்னாலயே படி ஏறி வர்றேன். திடீர்னு வலது பக்கம்னா? நேராப் போயி சுவத்துல முட்டிக்கிட்டேன்."

"நிஜமாவா முட்டிக்கிட்டீங்க?"

"நெத்தி வலிக்குதும்மா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிற குரலாக அது இல்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரைத் தூங்க வைப்பதுதான் என் வேலை. பாட்டுப் பாடி அல்ல. மதியம் அரை மணி நேரம், ஒரு வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசுவேன். அப்படி ஒரு வீடு எங்கும் கிடையாது. செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு நாள், "ஏதாவது பேசி இடத்தை நிரப்பு" என்று என்னை மைக் முன்னால் தள்ளினார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு வாசல் கதவைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் அதைத் தாண்டிக் கூடம். அதற்கு மறுநாள் ஜன்னலில் ஒரு வெள்ளைக் கூஜா. அப்புறம் நிறுத்த முடியவில்லை, பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன். கதை என்று ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் யாரும் சண்டை போடுவதில்லை, யாரும் சாவதில்லை, யாருக்கும் கல்யாணம் ஆவதில்லை. ஒரு நாள் முழுக்க ஒரு போர்வையை மடிப்பேன். அதற்குள் ஊர் தூங்கிவிடும்.

தூங்கினால்தான் என்ன, தூக்கத்திலும் கணக்கு வைத்திருப்பார்கள். கூஜாவை ஜன்னலிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தால் போதும், "ஏன் எடுத்தீங்க? அது அங்கதானே இருக்கும்?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். வீட்டைக் கட்டியவள் நான், என்னை வாடகைக்குக் குடிவந்தவள் போல நிற்க வைத்துக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு நாள் வேண்டுமென்றே கூஜாவை உடைத்துப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். சத்தக்கார அண்ணன்தான் தடுத்தார்.

சத்தக்கார அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து வீட்டின் சத்தங்களை எல்லாம் உண்டாக்குகிறவர். ஒரு பலகையில் பொருத்திய கதவுக் கீல், ஒரு தட்டு நிறையச் சரளைக்கல், ஒரு கிண்ணம் தண்ணீர், பழைய துணி. அவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள். "உடைக்கற சத்தம் என்கிட்ட இல்லம்மா" என்றார் அன்று. இருந்தது. எனக்குத் தெரியும்.

படி விவகாரம் அடங்குவதற்குள் அடுத்த ஆள் வந்து சேர்ந்தார். வீடுகளுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவர். கையில் சுருட்டிய காகிதம். வந்ததும் வராததுமாக அதை மேஜையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் கோப்பையை வைத்தார். பார்த்தால், என் வீடு. நான் வாயால் சொன்னதை எல்லாம் கேட்டுக் கேட்டு, கீழ்த்தளம் தனியாக, மாடி தனியாக வரைந்திருக்கிறார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. படி இடது பக்கம்தான், நீங்க அன்னிக்குச் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தார். "ஆனா ஒரு சந்தேகம். மாடியில படுக்கையறை இவ்வளவு நீளம்னு சொல்லியிருக்கீங்க. கீழ கூடமும் சமையலறையும் சேத்தாலும் அவ்வளவு வரலையே. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் மிச்சம் நிக்குது."

"தப்பா அளந்திருப்பீங்க."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் தப்பா அளக்கறவன் இல்லம்மா. அங்க ஒரு அறை இருக்கு. இல்லன்னா மேல இருக்கற படுக்கையறையை எது தாங்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காற்றில் கட்டிய வீட்டில் எதை எது தாங்க வேண்டும்? ஆனால் காகிதத்தில் அந்த வெற்று இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நிஜமாகவே அங்கே ஏதோ இருந்தது. சின்னதாக, ஓரமாக, யாரும் கவனிக்காமல். நான் கட்டிய வீட்டில் நான் கட்டாத ஓர் அறை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் மேலாளருக்குப் பாம்புச் செவி. கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். மறுநாள் காலையிலிருந்து செய்திக்கு முன்னும் பின்னும் அறிவிப்பு: வரும் வெள்ளிக்கிழமை மதியம் அந்த ரகசிய அறை திறக்கப்படும், நேயர்கள் காத்திருக்கவும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

அந்த வாரம் நான் தெருவில் நடக்க முடியவில்லை. ஆளுக்கு ஓர் அறை வைத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர், தரையிலிருந்து கூரைவரை புத்தகம் என்றார். காய்கறிக்காரம்மா, உள்ளே இன்னொரு படி இருக்கிறது, அது கீழே போகிறது என்று அடித்துச் சொன்னாள். என் மகள், குட்டி போட்ட பூனை ஒன்று இருக்கும் என்றாள். என் கணவர் ஊருக்குக் குடிநீர் விடும் இடத்தில் வேலை பார்க்கிறவர். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கிணறு இருக்கும்" என்றார். செக்கு மாட்டுக்கு எங்கே போனாலும் செக்குதான்.

புருஷனை இழந்த ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அவர் உள்ள இருப்பாரா?" என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை கேளுங்கம்மா" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு என் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் கதவைத் திறக்க ஆசைதான். அத்தனை வருஷம் போர்வை மடித்துச் சலித்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், ஊரை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் தேறவில்லை.

நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு கூடமும் இரண்டு அறைகளும். ஓர் அறையில் நான், கணவர், மகள். இன்னொன்று மிகச் சின்னது, நான் எழுதுவதற்கு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு எழுதுவேன், யாரும் கூப்பிடக் கூடாது. அக்கா கூடத்தில் இருந்தாள். என் கூடப்பிறந்தவள், தையற்காரி. பகலில் அவளுடைய தையல் மெஷின் அங்கே ஓடும், இரவில் மெஷினுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலை விரித்துக்கொள்வாள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள், குளிக்கப் போகிறவர்கள், அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஊருக்கெல்லாம் நான் அளவெடுத்தேன், எனக்கு அளவெடுக்க யாரும் வரலை" என்பாள். கேட்டவர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

எழுதியதை முதலில் கேட்பவள் அவள்தான். சாயங்காலம் அவள் தைத்துக்கொண்டே இருப்பாள், நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படிப்பேன். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று ஒரு நாளும் அவள் வாயால் சொன்னதில்லை. அவள் கால் சொல்லும். நான் படிப்பது சரியாக இருந்தால் மிதி தானாக மெதுவாகும், கிட்டத்தட்ட மூச்சு விடுகிற வேகத்துக்கு வந்துவிடும். பொய்யாக ஏதாவது எழுதியிருந்தால் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பிக்கும். அந்த இடத்தை அடித்துவிட்டு வேறு எழுதுவேன். அத்தனை வருஷமும் அப்படித்தான் அந்த வீடு எழும்பியது.

அந்த வாரம் மெஷின் ரயிலாக ஓடியது. புத்தகம் நிறைந்த அறையைப் படித்தேன், தடதட. பூனைக்குட்டியைப் படித்தேன், தடதட. யாரோ காத்திருக்கும் அறையைப் படித்தபோது நூலே அறுந்துவிட்டது. அவள் உச்சுக்கொட்டிவிட்டு, கண்ணை இடுக்கி ஊசியில் நூல் கோத்தாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீயாவது சொல்லேன்க்கா, உள்ள என்ன வைக்கறது?"

"உன் வீடு, உன் அறை. என்னை எதுக்குக் கேக்கற?"

வியாழக்கிழமை சாயங்காலம், விடிந்தால் வெள்ளி. எல்லோருடைய ஆசையையும் ஒதுக்கிவிட்டு, ஒன்றுமே இல்லாத சாதாரண அறை ஒன்றை எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு கட்டில். தெருவைப் பார்த்த ஜன்னல். அதன் வழியே கொஞ்சம் வெளிச்சம். அவ்வளவுதான். படிக்கப் படிக்க மிதி மெதுவானது. எனக்கு நம்பிக்கை வந்தது. ஜன்னலைப் பற்றிய வரிக்கு வந்தேன். மெஷின் நின்றுவிட்டது.

"ஜன்னல் அந்தப் பக்கம் இல்லடி."

"என்னது?"

"தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. பின்பக்கம்தான்" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அந்த அறையைப் பற்றி மைக் முன்னால் நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிளான் போடுகிறவருக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். இவளுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

"அக்கா, நீ அங்க போயிருக்கியா?"

கேள்வியே பைத்தியக்காரத்தனம். ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"நீ ஒரு நாள் சொன்னியே, சமையலறைச் சுவத்துல கன்னத்தை வெச்சா சில்லுன்னு இருக்கும்னு. வெளிச்சுவரா இருந்தா வெய்யில்ல கொதிக்கும்ல? சில்லுன்னு இருக்குன்னா அந்தப் பக்கம் ஒரு ரூம் இருக்கணும். அன்னிக்கே போயிட்டேன்."

"அது எவ்வளவோ வருஷம் ஆச்சே!"

"ஆமா."

என் முதல் உணர்ச்சி கோபம்தான், மறைப்பானேன். என் வீட்டுக்குள், எனக்குத் தெரியாமல், ஒரு ஆள் குடியிருந்திருக்கிறாள்! நான் கூடத்தில் கூஜாவைத் துடைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இவள் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். திருட்டுத்தனமாக மிட்டாய் தின்று மாட்டிக்கொண்ட குழந்தையின் முகம் அந்த வயதில் அவளுக்கு வந்திருந்தது.

"எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"சின்ன ரூம்தான். நின்னுக்கிட்டுக் கையை நீட்டினா ரெண்டு பக்கச் சுவரும் இடிக்கும். ஒரு கட்டில், மடக்கறது இல்ல, எப்பவும் விரிச்சே இருக்கறது. பின்பக்கம் ஜன்னல், அதுக்கு ஒரு திரை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்."

"தையல் மெஷின்?"

"அது எதுக்கு அங்க?" என்றாள், திடுக்கிட்டு.

"அப்ப அங்க போயி என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் படுத்துப்பேன். நீ வெளிய நடந்துக்கிட்டே ஏதாவது சொல்லிட்டு இருப்ப. அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"கை தைச்சுக்கிட்டு இருக்குமே?"

"கை இங்க தைக்கும். அதுக்கு நான் எதுக்கு?"

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ எழுதியிருப்ப."

எழுதித்தான் இருப்பேன். மறுநாளே மைக் முன்னால் உட்கார்ந்து, கட்டில், திரை, தாழ்ப்பாள் என்று ஒன்று விடாமல் ஊருக்குச் சொல்லியிருப்பேன். நடத்துநர் அவள் கட்டிலில் படுத்திருப்பார். பிளான்காரர் திரையின் அகலத்தைக் கேட்டிருப்பார்.

அக்கா மெஷினின் மூடியை எடுத்துக் கவிழ்த்தாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம்.

"நீ ஒண்ணும் யோசிக்காத. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடறேன். ஊரே அவ்வளவு ஆசையாக் கேக்குது, நான் ஒருத்தி குறுக்க நிக்கறதா? திரை மட்டும் என்னோடது, அதைக் கழட்டிக்கறேன். நீ திறந்துக்க."

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். காலி செய்கிறேன் என்கிறாளே! நான் எழுந்து என் அறைக்குள் போனேன். பழக்க தோஷத்தில் கை தாழ்ப்பாளுக்குப் போனது. போட முடியவில்லை. அன்று இரவு நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நிலையத்தில் எள் போட்டால் எள் விழாது. மேலாளர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் அழைத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிளான்காரர் முன் வரிசையில், மடியில் காகிதச் சுருள். நான் வெறுங்கையோடு உள்ளே போனதைப் பார்த்துச் சத்தக்கார அண்ணன் புருவத்தைத் தூக்கினார். கீலுக்கு எண்ணெய் போடாமல் ஒரு வாரம் காய வைத்திருந்தார், நல்ல கிரீச் வர வேண்டும் என்பதற்காக. சிவப்பு விளக்கு எரிந்தது.

வாசல் கதவு திறந்தே இருக்கிறது, வாருங்கள் என்றேன். என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது. கூடத்தில் வெயில் தரையில் நீளமாகப் படுத்திருக்கிறது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவோம். கூஜா ஜன்னலில்தான் இருக்கிறது, கவலை வேண்டாம். படி இடது பக்கம் திரும்புகிறது, இன்று நாம் ஏறப் போவதில்லை. சமையலறையில் குழாய் ஒரு சொட்டு விட்டுவிட்டு, அடுத்த சொட்டுக்கு யோசிக்கிறது. அண்ணன் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டார். இதோ அந்தச் சுவர். கன்னத்தை வையுங்கள்.

நானும் கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். சில்லென்று இருந்தது. அத்தனை வருஷமாக நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்த சுவர் முதல் தடவையாக எனக்கு உறைத்தது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ திரையைக் கழற்றி மடித்துக்கொண்டிருப்பது போல ஒரு சரசரப்பு. அலமாரிக்குப் பக்கத்தில், அலமாரி என்றே நாம் நினைத்துக்கொண்டிருந்த ஒரு கதவு. கையை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றது.

நான் பேச்சை நிறுத்தியதை அண்ணன் ஜாடை என்று நினைத்துவிட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. பலகையைப் பிடித்துத் திருப்பினார். கிரீ...ச். ஊர் முழுக்க ஒரு கதவு திறந்துகொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

அக்கா மெஷினில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கட்டில் மேல் ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அது பின்வாசல் கதவு" என்றேன். "காற்றுக்குத் திறந்துகொண்டது. திறந்ததும் நல்லதுதான், நாம் இந்த வீட்டுக்குப் பின்னால் போனதே இல்லையே. வாருங்கள்."

அண்ணன் ஒரு நொடி திகைத்து, சரளைக்கல் தட்டை இழுத்தார். நாங்கள் வெளியே வந்தோம். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, ஒவ்வொரு அடியிலும் அது கால் கீழே உண்டாயிற்று. கொஞ்சம் சரளை, அப்புறம் புல். கொடியில் ஒரு பெரிய வெள்ளை விரிப்பு காய்கிறது, காற்று வரும்போது வயிறு உப்பி, போனதும் ஒட்டிக்கொள்கிறது. திரும்பிப் பாருங்கள் என்றேன். இத்தனை நாள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தோம், வீட்டை வெளியிலிருந்து பார்த்ததில்லை. எவ்வளவு உயரமாக இருக்கிறது. அதோ கீழே, சமையலறையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். திரை போட்டிருக்கிறது.

"உள்ளே ஆள் இருக்கிறது" என்றேன். "தூங்குகிறார்கள். நாம் தினமும் சத்தம் போட்டுக்கொண்டு நடந்ததையும் பொறுத்துக்கொண்டு தூங்கியவர்கள். அந்தக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. அதை நாம் திறக்கப் போவதில்லை. காலை மெதுவாக வையுங்கள்."

அண்ணன் சரளையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பழைய துணியை மேஜைமேல் போட்டு, விரலால் ஒத்தி ஒத்தி எடுத்தார். அது எங்கள் எல்லோருடைய காலடியுமாயிற்று. புல்லில் உட்கார்ந்தோம். விரிப்பு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நேரம் முடிகிறவரை நான் அதிகமாகப் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

விளக்கு அணைந்ததும் மேலாளர் உள்ளே பாய்ந்து வந்தார். "கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போயி ஏமாத்திட்டீங்களே! ஊருக்கு என்ன பதில் சொல்றது?"

"ஆள் இருக்கற ரூமை எப்படி சார் திறக்கறது?"

"யாரு இருக்கா? நீங்களா கட்டினதுதானே?"

"நானாக் கட்டலை சார், அதுதான் பிரச்சினை" என்றேன். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் விளக்கப் பொறுமை இல்லை.

திட்டினவர்கள் நிறையப் பேர். காய்கறிக்காரம்மா இனிமேல் என் நிகழ்ச்சியைக் கேட்கப் போவதில்லை என்று சொல்லி அனுப்பினாள், நிஜமாகவே கேட்பதை நிறுத்தியும்விட்டாள். பிளான்காரர் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அறை இருக்கிறது என்று நான் ஒத்துக்கொண்டதே அவருக்குப் போதும். நடத்துநர், "பின்னால புல்தரை இருக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? இத்தனை நாள் படியில உக்காந்து தூங்கியிருக்கேன்" என்று குறைப்பட்டுக்கொண்டார். புருஷனை இழந்த பெண்ணும் கூப்பிட்டாள்.

"உள்ள தூங்கறது யாரு?"

"தெரியலைம்மா. திரை போட்டிருக்கு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியலை."

"சரி. எழுப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. டீ இருக்கிறது, சூடு பண்ணிக் குடி என்றாள். நான் டீயைக் குடித்து முடித்த பிறகு துணியைப் பார்த்தபடியே, "எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சிருந்தேன்" என்றாள்.

"பிரிச்சு வெச்சுக்க."

"வெச்சுட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நேராக என் அறைக்குப் போய் மேஜை மேலிருந்த காகிதத்தை எல்லாம் அள்ளி வெளியே வைத்தேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன்.

"இனிமே இது உன் ரூம்."

அவள் உள்ளே கால் வைக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "அப்ப நீ எங்க எழுதுவ?"

"கூடத்துல."

"கூடத்துல உக்காந்து உனக்கு ஒரு வரி ஓடாது. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே பேனாவைத் தூக்கி எறியறவ நீ."

"ஓடலைன்னா போகுது. பரவால்ல."

"உனக்குப் பரவால்ல. எனக்கு?" என்றாள் அக்கா. "நீ எழுதலைன்னா நான் எங்கடி போயிப் படுக்கறது?"

இவ்வளவு வருஷம் எழுதியதற்கு யாரும் என்னிடம் இப்படி ஒன்று சொன்னதில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "போதும், மூக்கைத் துடை" என்று கையிலிருந்த யாருடையதோ புதுத்துணியை நீட்டினாள்.

கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். மதியம் நான் நிலையத்தில் இருப்பேன், அந்த நேரம் அறை சும்மாதானே கிடக்கிறது. அவள், தையல் கொடுத்தவர்கள் வந்து நிற்பார்களே என்று முனகினாள். நிற்கட்டும் என்றேன். திங்கட்கிழமை நான் மைக் முன்னால் உட்கார்ந்து, காய்ந்த விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்து, மிக மிக மெதுவாக மடித்தேன். அவள் எங்கே இருந்து கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு குறை.

"அம்மா, ஸ்கூல் விட்டு வந்து பாத்தா உன் ரூம் கதவு சாத்தியிருக்கு. உள்ள ரேடியோ ஓடி முடிஞ்சு, வெறும் கொர்ருன்னு சத்தம். எவ்வளவு நேரம் தட்டினேன் தெரியுமா? பெரியம்மா திறக்கவே இல்ல!"

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "இனிமே தட்டாத" என்றேன்.